பெட்டைக்குட்டிக்குப் பாதி விலை

கடுவன் குட்டி ஒரு விலை, பெட்டை அதில் பாதி. யாழ்ப்பாணத்தில் நாய்க்குட்டி வாங்கப் போனவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டு தடவை ஊர்க் கடுவன்கள் எல்லாம் வேலியடியில் வந்து நிற்கும், பிறகு குட்டிகளை யார் தலையில் கட்டுவது என்ற பயம். பாதி விலைக்கும் போகாத பெட்டைகள் எங்கே போகின்றன என்று புங்குடுதீவு இறுப்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேலணையிலிருந்து கடலுக்குள்ளால் வரும் வாணர் பாலம் முடிகிற இடத்தில் உரப்பையை அவிழ்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். இல்லாவிட்டால் குறிகட்டுவான் துறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுக்குக் காத்து நிற்கிற சனம் பிஸ்கற்றாவது போடும் என்ற எண்ணம். விடுகிறவர்களுக்கு ஈரம் இல்லாமல் இல்லை. கோயிலடி, சந்தையடி, துறையடி என்று சாப்பாடு விழுகிற இடமாகப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்த ஈரம்தான் எனக்குக் கூடுதல் எரிச்சலைத் தருவது.

எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி குட்டி விற்கிறார். கெட்ட பிள்ளை என்று சொல்ல வாய் வராது. தோட்டமும் செய்கிறார், கடலுக்கும் போகிறார். இரண்டிலும் நிச்சயம் இல்லாததால் ஒரு அல்சேஷன் பெட்டையை வாங்கி வீட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார். நான் போனபோது அது நாலாவது ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. மேலே கிடுகு, கீழே வெறும் மணல். முலைக்காம்புகள் மணலில் தேய்ந்து புண்ணாகியிருந்தன. முதுகெலும்பை எண்ணலாம். விலாப் பக்கத்தில் மயிர் கொட்டிக் கருந்தோல் தெரிந்தது. குட்டிகளோ பந்து பந்தாக இருந்தன. அந்தத் தாய் தன் உடம்பைக் கரைத்து ஊற்றிய கொழுப்பு அது. பக்கத்தில் ஒரு நெளிந்த அலுமினியச் சட்டியில் கிணற்றுத் தண்ணீர். பவுசரில் குடிதண்ணீர் வருகிற ஊர் எங்களுடையது. நாங்கள் வாய் கொப்பளிக்கவும் யோசிக்கிற உவர்த்தண்ணீரைத்தான் அது நக்கிக்கொண்டிருந்தது.

"முதல் தரம் எத்தனை மாதத்தில சேர்த்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"எட்டோ ஒன்பதோ அண்ணை. தானாய்த்தான் வந்தது, விட்டன்."

"கடுவன் ஆற்றை?"

"அதின்ர தமையன்தான். முந்தின ஈத்து. கலப்பே இல்லாத சாமான் அண்ணை."

எட்டு மாதப் பெட்டையே ஒரு குட்டிதான். அதன் எலும்பு இன்னும் முற்றியிருக்காது. தமையனோடு தங்கையைச் சேர்த்தால் கலப்பு வராது என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் ஒளிந்திருக்கிற நோயெல்லாம் சேர்ந்து வெளியே வரும். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது உலகம் அறிந்த சங்கதி. ஒரு மாதக் குட்டியில் அது தெரியாது. ஒன்று இரண்டு வயதில் நாய் பின்னங்காலை இழுக்கத் தொடங்கும்போது விற்றவரின் தொலைபேசி இலக்கம் மாறியிருக்கும். தடுப்பூசிக் கதை அதைவிட மோசம். ஆறு, எட்டு வாரங்களில்தான் ஊசி தொடங்க வேண்டும். பிறகும் சில தடவை போட வேண்டும். குட்டிகளோ நாலாம் கிழமையே பெட்டிக்குள் ஏறிவிடுகின்றன. பார்வோ வைரஸ் நோய் வந்தால் இரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வாங்கின வீட்டில் "தண்ணி ஒத்துவரேல்லை" என்று பேசிக்கொண்டு, பிள்ளைகளின் அழுகையை நிறுத்த இன்னொரு குட்டிக்குச் சொல்லிவிடுவார்கள். செத்த குட்டியே அடுத்த வியாபாரத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

வாங்குகிறவர்கள் யார் என்று பார்க்காமல் இந்தத் தம்பியை மட்டும் திட்டுவது நியாயமாகாது. 1991இல் யுத்தத்தால் புங்குடுதீவு காலியானது. போனவர்கள் சுவிஸிலும் பிரான்ஸிலும் லண்டனிலும் கனடாவிலும் வேர்விட்டார்கள். உடைந்த வீடுகளை ஆலமரங்கள் தின்றுகொண்டிருக்க, இடையிடையே புது வீடுகள் எழும்பின. பளிங்குத் தரை, ஆளுயர மதில், படலைக்குப் பதில் இரும்புக் கேற். திருவிழாவுக்கு வந்து நின்றுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பூட்டின வீட்டுக்குக் காவல் வேண்டாமா? ஊர்நாய் மதிலுக்குப் பொருந்தாது. றொட்வைலர் வேண்டும், டொபர்மன் வேண்டும், குறைந்தது அல்சேஷனாவது வேண்டும். வட்ஸ்அப்பில் படம் பார்த்துச் சரி சொல்வார்கள். வீட்டைப் பார்க்கிற ஆளுக்கு மாதக் காசோடு நாய்க்குச் சோற்றுக் காசும் வரும். நாய் சங்கிலியில் வளரும். மனிசரோடு பழகாது, மதிலுக்கு வெளியே ஒரு நாளும் போகாது. பார்க்கிற ஆள் மாறுவார், அல்லது காசு நிற்கும். 2022இல் விலைவாசி ஏறினபோது நிறைய இடங்களில் நின்றது. ஒருநாள் சங்கிலி கழன்று நாய் தெருவுக்கு வரும். மனிசரைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியாத அந்த நாய் கடிக்கும். பிறகு ஊர் அதை விசர்நாய் என்னும். கடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்.

இதிலே எனக்கு விளங்காதது ஒன்று. அதே ஆள் சுவிஸில் நாய் வளர்த்தால் அதற்குச் சிப் போட வேண்டும், பதிய வேண்டும், வருடா வருடம் வரி கட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காகக் கட்டுவார். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் லூசி சட்டம் வந்தது. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் ஈன்று ஈன்றே உடைந்துபோன லூசி என்ற நாயின் பெயர் அதற்கு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக்கூடாது. வளர்த்தவரிடமே போய், தாயோடு சேர்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். லண்டனில் அந்தச் சட்டத்துக்கு அடங்கி நடக்கிறவர், ஊருக்கு ஒரு குட்டி எடுக்கும்போது தாய் எங்கே நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்த ஒழுங்கை விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்களோ தெரியாது.

இங்கே சட்டம் இல்லையென்றும் சொல்ல முடியாது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இலேயே வந்துவிட்டது. மிருகவதைச் சட்டம் 1907இல் வந்தது. அதில் ஆகக்கூடிய தண்டம் நூறு ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு தேநீரும் வடையும் வந்தால் பெரிய காரியம். சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய வரைவு ஒன்றைத் தயாரித்தது. அது எத்தனை மேசைகளில் தூங்கியது என்பது தனிக் கதை. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் 2017இல் விதி வந்தது: பதினெட்டு மாதத்துக்கு முன் பெட்டையைச் சேர்க்கக்கூடாது, ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது. அங்கே அது எவ்வளவு நடக்கிறது என்பது வேறு விடயம். எழுதியாவது வைத்திருக்கிறார்கள். இங்கே இயக்கச்சியில் சிவபூமி நாய்கள் சரணாலயம் இருக்கிறது. கைவிட்டவற்றை எடுத்துச் சோறு போடுகிறார்கள், கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. ஆனால் விற்றவன் இலாபத்தோடு போக, மிச்சத்தைத் தருமம் சுமக்கிறது.

வளர்த்துவிட்டுக் கைவிடுகிற இந்த வேலையை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவுமில்லை. குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவு. ஒல்லாந்தர் அங்கே குதிரை வளர்த்தார்கள். பிறகு பிரித்தானிய அதிகாரி நோலன் லாயங்களைப் பார்த்துக்கொண்டார். படைக்குக் குதிரை தேவைப்பட்ட காலம் அது. தேவை முடிந்தது, வளர்த்தவர்கள் கப்பலேறினார்கள். குதிரைகள் அங்கேயே நின்று குட்டி போட்டன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். கோடை கடுத்தால் தண்ணீர் இல்லாமல் அவை விழுந்து சாகும். அரசாங்கமே செய்தாலும் பின்வளவில் செய்தாலும் இந்த வேலைக்கு ஒரே முடிவுதான் போல.

இதை எங்கள் சனத்தின் இடப்பெயர்வோடு சேர்த்துப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். "நாங்களே நாயை விட்டிட்டு ஓடின ஆக்கள், எங்களுக்கு இதைச் சொல்ல என்ன யோக்கியதை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் அதை ஏற்கமாட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனது அந்த நாய் பிழைக்கட்டும் என்றுதான். வேறு வழி இருக்கவில்லை. உரப்பைக்காரருக்கு வழி இருக்கிறது. குட்டி பிறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னரே, பெட்டையைக் கடுவனிடம் கொண்டுபோகும்போதே இருந்தது.

அந்தத் தம்பியிடம் திரும்பவும் போனேன். இந்த ஈற்றோடு நிறுத்தி, யாழ்ப்பாணத்தில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிடுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை, கணக்குப் பார்த்தார். வள்ளத்து எஞ்சின் கடன் இன்னும் முடியவில்லை. இரண்டு ஈற்றுப் போட்டால் முடிந்துவிடும்.

"நான் விடாட்டி வேற ஆக்கள் விடுவினம் அண்ணை."

"அது உண்மைதான். இந்த நாய் உங்கட நாயெல்லோ?"

கொஞ்ச நேரம் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓட்டோக் காசும் மருந்துக் காசும் ஆர் தாறது?" என்றார். ஓட்டோவை நான் பார்க்கிறேன், மருந்துக் காசைப் போன ஈற்றில் இரண்டு கடுவன் எடுத்த சுவிஸ்காரரிடம் கேட்போம் என்றேன். தம்பிக்குச் சிரிப்பு. ஆனாலும் இலக்கத்தைத் தந்தார். தாயின் படத்தையும் சேர்த்து, மரியாதையாகவே எழுதி அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டார், இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. பதிலுக்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறோம்.