ஊர் காண்போரும் ஊரவரும்

பிறநாடுகளைக் காண வேண்டும் என்ற ஆவல் மனிதனுக்குப் புதியதன்று. மலைக்கு அப்பால் யாது உளது, கடலுக்கு அப்பால் யாவர் உளர் என்ற வினாக்களே மனித சமுதாயத்தை நெடுந்தூரம் நடத்தி வந்துள்ளன எனலாம். எனினும் இன்றைய பயண விருப்பில் ஒரு புதிய கூறு சேர்ந்துள்ளது. கட்டடங்களையும் காட்சிகளையும் பார்த்து மீள்வதோடு இன்றைய பிரயாணி நிறைவு பெறுவதில்லை. அந்நாட்டு மக்களுள் ஒருவனாக வாழ்ந்தேன், அவர்கள் உண்பதை உண்டேன், அவர்கள் ஆடுவதை ஆடினேன், அவர்தம் பண்பாட்டிலே தோய்ந்தேன் என்று கூறுவதில் அவன் பெருமை கொள்கிறான். உயிருக்கு இடர் விளைக்கும் மலையையோ ஆற்றையோ வென்ற கதையும் அதனோடு சேருமாயின் பெருமை இரட்டிப்பாகிறது. என் உயர்தர வகுப்பு மாணவருட் சிலர், வாழ்வின் இலட்சியம் யாது என்று வினவினால், உலகஞ் சுற்றுவதே எனத் தயங்காது விடையிறுக்கின்றனர்.

இவ்விருப்பு இழிவானதன்று. தன் ஊரே உலகம், தன் வழக்கமே ஒழுக்கம் என்று எண்ணிக் கிடப்பவனிலும், பிறர் வாழ்வைக் காணப் புறப்படுபவன் மேலானவன். அடுத்த இனத்தாரின் மொழியைத்தானும் அறியாது வாழ்ந்ததன் விளைவுகளை அனுபவித்த இந்நாட்டு மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, பயணம் நல்லதா தீயதா என்பது இங்கு வினாவன்று. பிறர் பண்பாட்டில் தோய்ந்தேன் என்று ஒருவன் கூறும்போது, அவன் எதனைப் பெற்றான், எதனைக் கொடுத்தான், எதற்குக் கட்டுப்பட்டான் என்பதே வினா.

தோய்தல் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீரில் தோய்ந்த துணி நனைகிறது. சாயத்தில் தோய்ந்த நூல் நிறம் மாறுகிறது. நீரிலே கிடந்தும் நனையாதிருப்பது தாமரையிலை. உல்லாசப் பிரயாணிகள் பலர் கொண்டாடும் தோய்வு இத்தாமரையிலையின் தோய்வாகவே இருக்கக் காண்கிறோம்.

அவர்கள் பெருந்தொகையாக நாடிச் செல்லும் இடங்களுள் இந்தோனேசியாவின் பாலித்தீவு ஒன்று. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அத்தீவின் மக்கள் ஏறக்குறைய 43 இலட்சம். 2019 இல் அங்கு வந்த வெளிநாட்டாரோ 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர். மாசுபடாத தொன்மைப் பண்பாடு, கலையே வாழ்வாகக் கொண்ட மக்கள், மாறாப் புன்னகை என்பனவே அவர்கள் தேடிச் செல்பவை. இப்படிமம் எவ்வாறு உருவாயிற்று என்பதனை அவருட் பலர் ஆராய்வதில்லை.

1906 செப்டெம்பர் 20 ஆம் நாள் ஒல்லாந்தப் படை தென்பசாரினுள் புகுந்தபோது, படுங் அரசனும் அவன் சுற்றத்தாரும் வெள்ளாடை உடுத்து, குத்துவாள் ஏந்தி, துப்பாக்கிகளை நோக்கி நடந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அடங்க நூற்றுக்கணக்கானோர் அன்று மடிந்தனர். 1908 இல் குலுங்குங் அரசும் அவ்வாறே அழிந்தது. ஐரோப்பாவில் எழுந்த கண்டனத்தின்பின், பாலியின் பண்பாட்டைக் காப்பவராகத் தம்மைக் காட்டிக்கொள்வது ஒல்லாந்தருக்குத் தேவையாயிற்று. தீவு ஓர் உயிருள்ள நூதனசாலை ஆக்கப்பட்டது. 1928 இல் அதே தென்பசாரில், கப்பற் கம்பனியொன்று ஐரோப்பியப் பிரயாணிகளுக்கென ஹோட்டேல் ஒன்றைத் திறந்தது. இன்று பிரயாணிகள் ஆதிகாலத்தது என வியக்கும் கெச்சாக் என்னும் குழுவாட்டமும், பழைய சடங்கொன்றின் குரலிசையோடு இராமாயணக் கதையை இணைத்து, 1930 களில் வோல்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியரும் பாலி நடனக்காரரும் சேர்ந்து அமைத்ததேயாகும். இதனாற் பாலி மக்களுக்கு இழுக்கில்லை. கலை என்றும் மாறி வளர்வது. ஆயின் தீண்டப்படாத பண்பாட்டைத் தீண்ட வந்தேன் என்பவன், தன்னைப் போன்றோரின் விருப்பம் ஏற்கெனவே அதனை வனைந்துள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

இதனினும் கொடியதொன்று உண்டு. 1965 டிசெம்பர் முதல் 1966 இன் தொடக்கம்வரை, கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டோர் பாலியிலே ஊர் ஊராகக் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை 80,000 வரையில் இருக்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நிலச் சீர்திருத்தத்தை ஒட்டி எழுந்த பகைமைகளும் அக்கொலைகளுக்குப் பின்னணியாயின. அதே 1966 இல், ஜப்பானின் போர் நட்டஈட்டுப் பணத்தைக்கொண்டு கட்டப்பட்ட பாலி பீச் ஹோட்டேல் சனூர்க் கடற்கரையிலே திறக்கப்பட்டது. வெளியார் தம் விடுமுறைகளுக்கு அழகிய பின்னணியொன்றைப் பெற்றனர். உள்ளூரார் தம் துயரைப் பேசும் உரிமையின்றிப் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். ஒரு மக்களின் சோற்றையும் பாட்டையும் சுவைத்து, அவர்களின் சாவை அறியாது மீள்பவன் எப்பண்பாட்டிலே தோய்ந்தான்?

பாலி மக்கள் வாளாவிருந்தனர் என்றும் கொள்ளலாகாது. 1971 இல் அவர்தம் அறிஞர் தென்பசாரிலே கூடி, கோயிலுக்கே உரிய ஆடல்கள் எவை, வெளியார்முன் ஆடத்தக்கவை எவை என வகைப்படுத்த முயன்றனர். நியெப்பி என்னும் சக ஆண்டுப் பிறப்பு நாளில் இன்றும் தீவு முழுவதும் அடங்கிவிடுகிறது. விளக்கு எரியாது, தெருவில் நடமாட்டம் இராது, விமான நிலையமும் மூடப்படும். உல்லாசப் பிரயாணிகளும் ஹோட்டேலை விட்டு வெளியேற முடியாது. ஏனைய நாள்களில் விருந்தினரின் விருப்புக்கு ஊரவர் இசைந்து ஒழுகுகின்றனர். அந்த ஒரு நாளில் ஊரவரின் ஒழுங்குக்கு விருந்தினர் கட்டுப்படுகின்றனர். படம் எடுப்பதற்கு அன்று எதுவும் இல்லை. ஆயினும், தன் விருப்பை அடக்கி அவ்விருளில் அமர்ந்திருக்கும் பிரயாணி, ஆடலரங்கின் முன்வரிசையில் இருந்தபோது நெருங்காத அளவுக்கு அம்மக்களை நெருங்குகிறான் என்பது என் கருத்து.

வீரச் செயலை நாடிச் செல்வோர் நிலை யாது? எவரெஸ்ட் சிகரத்தை 1953 மே 29 இல் டென்சிங்கும் ஹிலரியும் அடைந்தனர். இன்று அது பணம் படைத்தோர் பலர் எட்டும் உயரமாகிவிட்டது. நேபாள அரசு வெளிநாட்டவர் ஒருவரிடம் அறவிடும் அனுமதிக் கட்டணம் மாத்திரம், 2025 செப்டெம்பர் முதல், 15,000 டொலர். ஏறுபவன் கும்பு பனியாற்றின் வெடிப்புகளைச் சில தடவை கடக்கிறான்; அவனுக்கு வேண்டிய கூடாரத்தையும் உணவையும் பிராணவாயுக் குப்பிகளையும் சுமக்கும் ஷெர்ப்பாத் தொழிலாளி அவற்றைப் பல தடவை கடக்கிறான். 2014 ஏப்பிரல் 18 ஆம் நாள் அங்குப் பனி சரிந்து நேபாளத் தொழிலாளர் 16 பேர் இறந்தனர். அரசு முதலில் அறிவித்த உதவி குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபா, அஃதாவது ஏறக்குறைய 400 டொலர். தொழிலாளர் கொதித்தெழுந்தனர், தெற்குப் பக்கத்திலே அவ்வாண்டுப் பயணங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. துணிவு ஒருவனுடையது, ஆபத்து மற்றொருவனுடையது, புகழ் முன்னவனுடையது என்ற இவ்வேற்பாட்டினை வீரம் என்று எவ்வாறு அழைப்பது?

பயணிகள் வராவிடின் அம்மக்கள் எவ்வாறு பிழைப்பர் என்று கேட்கப்படலாம். கேள்வி நியாயமானதே. 2020 இல் பெருந்தொற்று வந்து பயணங்கள் நின்றபோது, பாலியிலே தொழில் இழந்த பலர் வயலுக்கும் கடற்பாசி வளர்ப்புக்கும் மீண்டனர். அவர் பட்ட துன்பம் சிறிதன்று. பணம் தேவைதான். ஆனால் ஊதியம் கொடுத்ததனால் கடன் தீர்ந்தது என்பது சந்தையின் நியாயம். ஒருவரது உழைப்புக்கு விலை உண்டு. அவர் நமக்காக ஏற்ற ஆபத்துக்கும், அவர் நம்மிடம் காட்டிய நம்பிக்கைக்கும் விலை கூற முடியாது.

இவ்வுண்மையை உணர்ந்த மலையேறி ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1922 யூன் 7 ஆம் நாள், எவரெஸ்டை அடைய முயன்ற பிரித்தானியக் குழுவின்மீது பனி சரிந்தது. சுமைதூக்கிகள் 7 பேர் மாண்டனர். பிரித்தானியர் ஒருவரும் இறக்கவில்லை. அங்கிருந்து தப்பியவருள் ஹாவார்ட் சொமர்வெல் என்னும் சத்திரவைத்தியரும் ஒருவர். தம்மவருள் ஒருவரேனும் அவர்களோடு மாண்டிருக்கலாகாதா என்ற துயரம் அவரை வாட்டியது. அப்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது, அன்று திருவிதாங்கூரிலும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரை அவர் அடைந்தார். அங்கே மிஷன் வைத்தியசாலையில், திரண்டு நின்ற நோயாளர் நடுவே வைத்தியர் கையளவினராக இருந்த நிலை அவரைத் தடுத்து நிறுத்தியது. இலண்டனிலே கிட்டவிருந்த முன்னேற்றத்தைத் துறந்து, அவ்வைத்தியசாலைக்கே திரும்பினார். 1924 இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறிய அவர், நெய்யூரிலும் பின்னர் வேலூரிலுமாக 1961 வரை தென்னிந்தியாவிற் பணியாற்றினார்.

இவரைத் தெய்வமாக்குவது நம் நோக்கமன்று. அவர் வந்தது ஏகாதிபத்தியத்தின் நிழலில். பணியாற்றியது மதம் பரப்பிய நிறுவனமொன்றில். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் ஒரு வேறுபாடு தெளிவு. நெய்யூரை அவர் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். நல்ல கதையொன்றும் கிடைத்திருக்கும். கண்ட காட்சி தம்மிடம் ஒன்றைக் கேட்கிறது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அங்கே பார்வையாளர் மறைந்து, ஊரவருக்குக் கடமைப்பட்ட ஒருவர் தோன்றினார்.

எல்லோரும் சென்ற இடத்திலே 40 ஆண்டுகள் தங்க இயலாது. அதனை எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. ஆனால் வேறொரு வகைப் பிரயாணிகளை நாம் எண்ணிப் பார்க்கலாம். நம் நாட்டிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவள், அந்நாட்டு மொழியைப் பேசக் கற்கிறாள். அந்நாட்டு உணவைச் சமைக்கிறாள். அவ்வீட்டுக் குழந்தையை அவர்தம் வழக்கப்படி வளர்க்கிறாள். பண்பாட்டிலே தோய்ந்தவர் யார் எனக் கேட்டால், அவளைவிடத் தோய்ந்தவரைக் காண்டல் அரிது. அவளது துணிவும் மலையேறியின் துணிவுக்குக் குறைந்ததன்று. எனினும் எவரும் அவளைப் பயணி என்பதில்லை. அவளது அனுபவத்தைக் கேட்பாருமில்லை. காரணம் யாது? நினைத்தபோது புறப்படவும் சலித்தபோது மீளவும் இயன்றவனுக்கே நம் காலம் அப்பட்டத்தை வழங்குகிறது. விரும்பிய நேரத்தில் விட்டகலும் வசதி பண்பாட்டு அறிவின் அடையாளமன்று. அது வர்க்கத்தின் அடையாளம்.

ஆகவே உலகஞ் சுற்ற விழையும் இளைஞரை நாம் தடுக்க வேண்டியதில்லை. செல்லுங்கள் என்போம். செல்லுமுன் அம்மக்களின் மொழியிற் சிறிதேனும் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களின் கோயில்களை அறிவதுபோல அவர்களின் போராட்டங்களையும் அறியுங்கள். உங்கள் சுமையைத் தூக்குபவனின் பெயரையும், அவன் இறந்தால் அவன் குடும்பத்துக்கு யாது கிடைக்கும் என்பதையும் கேட்டறியுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற இடத்தில் நில்லுங்கள். இவ்வாறு சென்று மீண்டவன், தான் கண்டவற்றோடு தான் பட்ட கடனையும் சொல்வான். கேட்கும் நாமும், அடுத்த தடவை நம் ஊர்த் தெருவிலே வந்து நிற்கும் அந்நியனை வேறு கண்ணோடு பார்ப்போம்.