நிழலுக்கு உரியவர்

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில், இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் இடத்திற்குப் பழைய மலாய்ப் பெயர் தஞ்சோங் பெனாகா என்பதாகும். தஞ்சோங் என்பது நிலமுனை. பெனாகா என்பது தமிழர் புன்னை என வழங்கும் மரம். தீவின் பெயரோ பினாங் எனும் கமுகிலிருந்து பிறந்தது. மரத்தால் பெயர் பெற்ற தீவில், மரத்தால் பெயர் பெற்ற முனையில், 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் கரையிறங்கினார். அடர்காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது அவர் பீரங்கியில் வெள்ளி நாணயங்களை நிறைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்றும், நாணயம் தேடிப் புகுந்தோர் மரங்களை வெட்டித் தள்ளினர் என்றும் ஒரு கதை வழிவழியாக வழங்கி வருகிறது. கதை மெய்யாயினும் ஆகுக, புனைவாயினும் ஆகுக. ஜார்ஜ் டவுன் மரத்தை வீழ்த்தியே பிறந்த நகரம் என்பதில் ஐயமில்லை. அதன் முதற்கோட்டையும் நிபோங் பனையின் அடிமரங்களை வரிசையாக நட்டு எழுப்பிய வேலியே ஆகும்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் அதே நகரம் மரம் நடுகிறது. 2008ஆம் ஆண்டில் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமை நகரமாக யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்ற ஜார்ஜ் டவுனில், 2009இல் தோன்றிய திங் சிட்டி எனும் நிறுவனமும் மாநகர் மன்றமும் பழைய தெருக்களைப் புதுப்பிக்கும் பணியில் இறங்கின. சிறு பூங்காக்கள் அமைந்தன. நடைபாதையோரங்களில் கன்றுகள் ஊன்றப்பட்டன. வெப்பமும் வெள்ளமும் மிகும் காலத்துக்கு ஏற்ப நகரை இயற்கையின் துணைகொண்டே ஆயத்தம் செய்யும் திட்டம் ஒன்றிற்கு, 2021இல் பன்னாட்டுத் தகவமைப்பு நிதியம் ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டாலர் வழங்க இசைந்தது. செங்கல்லும் தாரும் பகலில் உண்ட வெயிலை இரவில் உமிழ்கின்றன. மரமோ வெயிலை இலையில் ஏற்று, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. இவ்வளவும் நன்றே. மரம் நடுதல் நல்லதா என்று எவரும் கேட்பதில்லை; கேட்டால் நகைப்பர். ஆனால், வினாவே எழாத நற்செயல்களில்தான் வினா ஒன்று ஒளிந்திருக்கும். நடப்பட்ட மரத்தின் நிழல் யாருக்கு உரியது?

இவ்வினா வெறுஞ்சொல் விளையாட்டன்று. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர் பலர் உடைமையாளர் அல்லர், வாடகைக்கு இருந்தோரே. 1948ஆம் ஆண்டு சனவரித் திங்களுக்குள் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் காத்தது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டம் 1997இல் நீக்கம் செய்யப்பெற்று, 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முற்றும் மறைந்தது. வீட்டுக்காரரின் முறையீட்டையும் ஈண்டு மறத்தல் கூடாது; பல்லாண்டுகளாக அவர்கள் பெற்ற வாடகை கூரையைச் சீர்செய்யவும் போதாததாக இருந்தது; அதனாலேயே பல வீடுகள் இடிந்து சரிந்தன. எனினும், கட்டு அறுந்தபோது வாடகை ஏறியது, குடிகள் பெயர்ந்தனர். தச்சரும், கூடை முடைவோரும், சிறுவணிகரும் வாழ்ந்த வீடுகள் சில பூட்டப்பட்டன. சில பின்னர் விடுதிகளாயின. 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் மிதிவண்டியிலேறிய சிறார் ஓவியம் தீட்டப்பட்டபின், அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்வோர் கூட்டம் பெருகியது. ஓவியத்துச் சிறார் தெருவில் தங்கிவிட்டனர். உயிருள்ள சிறார் பலர் புறநகர் அடுக்குமாடிகளுக்குச் சென்றனர்.

இந்நிலையில் ஊன்றப்படும் கன்று தன் குடையை விரிக்க இருபது ஆண்டுகளேனும் ஆகும். வாடகை முறியோ ஈராண்டு, மூவாண்டு எனவே எழுதப்படுகிறது. குழி தோண்டும்போது புழுதியைத் தாங்கியவர், கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர், அந்நிழலில் ஒருநாள் அமர்வாரா? அழகு பெற்ற தெருவில் வாடகை ஏறுமாயின், நிழல் வளர வளர அவர் அகன்றுகொண்டே செல்வார். நியூயார்க் மாநகரில் கைவிடப்பட்ட இருப்புப்பாதை ஒன்றின்மீது 2009இல் ஹை லைன் எனும் தொங்கு பூங்கா திறக்கப்பெற்றது. அதன் இருமருங்கும் செல்வர் மாளிகைகள் எழுந்ததையும், எளியோர்க்கு அவ்வட்டாரம் எட்டாததாகி வந்ததையும் உலகம் கண்டது.

இதற்கு ஒரு விடை பழமையிலிருந்தே வரும். மரம் நடுபவன் பயன் கருதலாகாது. யார் அமர்வார் என்று எண்ணி நடுவது வணிகம். எண்ணாது நடுவதே அறம் என்பர். அசோக மன்னர் தம் தூண் கல்வெட்டொன்றில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தருமாறு சாலையோரங்களில் ஆலமரங்கள் நடுவித்ததைப் பொறித்து வைத்தார். அம்மரத்தடியில் அமர்வோர் எக்குலத்தவர், எந்நாட்டவர் என்று அவர் கேட்டாரில்லை. இங்கே சிலர் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் துணைக்கு அழைப்பர். தமிழில் மரஞ்செடி பற்றி எழுதப் புகுவோர் பாரியை அழைக்காமல் விடுவதில்லை. அவ்வள்ளலுக்கு ஓய்வு என்பதே இல்லை! ஆனால் பாரியின் ஈகையை உற்று நோக்கின், அது எண்ணாத ஈகையன்று. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த கொடியைக் கண்டு, அதன் குறையை அறிந்து கொடுத்த ஈகை அது.

அசோகர் நட்டது சாலையில் என்பதும் எண்ணத்தக்கது. சாலை வழிப்போக்கர்க்கு உரியது. அங்கு ஒருவரும் நிலையாகத் தங்குவதில்லை. ஆகவே அதன் நிழல் வருவோர்க்கெல்லாம் பொது. குடியிருப்புத் தெரு அத்தகையதன்று. அங்கே நிழல் என்பது முதியவர் காலையில் நாற்காலி இட்டு அமரும் இடம். பூக்கட்டுவோர் பந்தலின்றிப் பிழைக்கும் இடம். பள்ளி விட்டுவரும் பிள்ளை நின்று பேசும் இடம். தங்கி வாழ்வோர் போய்விட்டால் அத்தெருவும் சாலையாகிவிடும். அப்போது அசோகர் வாதம் முற்றும் பொருந்தும். ஆனால் அங்கு ஊர் இராது, வழி மட்டுமே இருக்கும்.

நற்றிணைப் பாடல் ஒன்றில் புன்னை மரம் ஒன்று வருகிறது. தோழியரோடு விளையாடிய சிறுமி மணலில் ஒரு விதையை அழுத்தி மறந்துவிடுகிறாள். அது முளைக்கவே பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறாள். அவளினும் அம்மரம் சிறந்தது, அது அவளுக்குத் தங்கை என்கிறாள் தாய். பின்னாளில் அம்மரத்தடியில் காதலனோடு நகையாடவும் அப்பெண் நாணுகிறாள். தஞ்சோங் பெனாகாவின் புன்னையை நினைப்போர்க்கு இப்பாடல் தனிப்பொருள் தரும். ஆங்கு நட்டவளும், வளர்த்தவளும், நிழலில் நிற்பவளும் ஒருத்தியே. உறவு பிறந்தது நட்டதனால் அன்று. வளரும் காலமெல்லாம் அருகில் இருந்ததனால். ஒரு நாளில் ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துப் பிரியும் விழாக்களில் இல்லாதது இந்த உடனிருத்தலே.

ஜார்ஜ் டவுனின் எளியோர்க்கு இவ்வுடனிருத்தல் புதிதன்று. கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில், உடைந்த பானையிலும் பழைய தகரத்திலும் துளசியும் கற்பூரவல்லியும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் அவர்களே. புதுப்பித்தல் எனும் பெயரால் ஒரே அளவுள்ள தொட்டிகள் வரிசையாக வைக்கப்படும்போது இத்தகரங்களே முதலில் அகற்றப்படும் இடர் உண்டு. கண்ணுக்கு ஒழுங்கு, கைக்கு வேலை இல்லை. மற்றொரு காட்சியும் அந்நகரில் காண்பதற்கு உண்டு. குடிகள் நீங்கிய வீட்டுச் சுவரில் பறவை இட்ட வித்திலிருந்து அரசும் ஆலும் முளைத்துச் செங்கல்லைப் பிளந்து நிற்கும். பசுமை மட்டுமே நோக்கமாயின் நகரில் அதனினும் பசுமையான இடம் பிறிதில்லை! மனிதர் அற்ற பசுமையை எவரும் புத்துயிர்ப்பு என்று சொல்லார்.

அவ்வாறாயின், வாடகை ஏறும் என்றஞ்சி மரம் நடாதிருப்பதா? சில இடங்களில் இக்கருத்தும் ஒலிக்கக் கேட்கலாம்: தெரு அழகற்றிருந்தால்தான் ஏழைக்கு அது மிஞ்சும் என்று. இதனையும் ஏற்க இயலாது. திருடன் வருவான் என அஞ்சிப் பிள்ளைக்கு நல்லாடை உடுத்தாதிருப்பது போன்றது அது. குளிர்பதனப் பெட்டி வைத்திருப்பவர்க்கு மரநிழல் ஓர் அழகு. மூட்டை சுமப்பவர்க்கும், தகரக் கூரையின்கீழ்ப் படுக்கும் முதியவர்க்கும் அது மருந்து. வெயிலால் மிக வருந்துவோரே நிழலுக்கு முதல் உரியோர். ஆகவே நிழலை மறுப்பதன்று, அவர்களின் இருப்பை உறுதி செய்வதே கடமையாகும்.

இக்கடமை மாநகர் மன்றத்தோடு முடிவதன்று. ஜார்ஜ் டவுனில் சீனர் குலச் சங்கங்களான கொங்சிகளுக்கும், கோயில்களுக்கும், பள்ளிவாசல் வக்புகளுக்கும் வீடுகள் பல உரிமையாக உள்ளன. 1801ஆம் ஆண்டோடு தொடர்புடைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் எத்தனை தலைமுறைகளைக் கண்டவை! தனிமனிதர் தம் ஆயுளுக்குள் ஊதியம் தேடுவர். அறநிறுவனத்திற்கு மரத்தைப் போன்ற நீண்ட ஆயுள் உண்டு. இருபது ஆண்டு வளரும் கன்றின் எதிரே இருபது ஆண்டு முறி எழுதிக் கொடுக்க அவற்றால் இயலும். இயன்றும் செய்யாதிருப்பதற்கு அவை சொல்லும் காரணம் மற்றவர் சொல்வதினும் வலுவுடையதாக இருத்தல் வேண்டும்.

நடுபவர்க்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 நாள்களில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையில் மரங்கள் பல சாய்ந்தன. வெள்ளம் உயிர்களைக் கொண்டது. 2024 மே 7ஆம் நாள் கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் பெருமரம் ஒன்று விழுந்து ஒருவர் மாண்டார். மரம் முதுமை எய்தும். அதன் வேர் பழைய வடிகாலையும் ஆழமற்ற அடித்தளத்தையும் துளைக்கும். விரைந்து வளரும் தூங்குமூஞ்சியைத் தேர்வதா, கடற்காற்றைத் தாங்கி மெல்ல வளரும் புன்னையைத் தேர்வதா என்பது அழகைப் பற்றிய வினா மட்டுமன்று. ஐம்பது ஆண்டுக்குப்பின் அதன்கீழ் நிற்பவரின் தலையைப் பற்றிய வினாவுமாகும். அவர் யார் என்று இன்று தெரியாது. கன்றின் எதிரே உள்ள வீட்டில் இன்று இருப்பவர் யார் என்பதோ நன்கு தெரியும். கன்று நடுவதற்கெனத் தயாரிக்கப்படும் பட்டியலில் மரத்தின் இனம், உயரம், குழியின் ஆழம் எனக் கட்டங்கள் வரையப்படுகின்றன. அவ்வரிசையிலேயே எதிர்வீட்டுக் குடியின் வாடகை முறி எந்த ஆண்டில் முடிகிறது என்பதற்கும் ஒரு கட்டம் வரைவது பெரிய வேலையன்று.