மக்கும் பையும் மக்காத பொறுப்பும்



சென்ற வருஷம் பத்து பாகாட்டில் என் கடைக்கு வந்த ஒரு பெரியம்மா, "தம்பி, இந்தப் பை மக்குமா?" என்று கேட்டார். கட்டின்மேல் அப்படி அச்சிட்டிருந்ததால், "மக்கும், பெரியம்மா" என்றேன். பின்பு ஒரு பையைக் கொல்லையில் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதத்தில் அது துண்டு துண்டாக உதிர்ந்ததேயன்றி மண்ணோடு சேரவில்லை.

மெய்யாகவே மக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. 1926-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமுவாஞ் என்பவர் அதை ஒரு பாக்டீரியாவின் உடலில் கண்டார். கரும்பு, சோளம் முதலியவற்றின் சர்க்கரையை ஏராளமாய்க் கொடுத்து, நைட்ரஜன் சத்தைக் குறைத்தால், அக்கிருமி மிஞ்சியதைக் கொழுப்பைப்போல் சேமிக்கிறது. அதைப் பிரித்தெடுத்தால் பிளாஸ்டிக். மண்ணிலுள்ள வேறு கிருமிகள் அதைத் தின்று தீர்க்கும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் செம்பனை எண்ணெயைக் கொண்டும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் சாதாரணப் பிளாஸ்டிக்கைவிட விலை அதிகம்.

அத்தகைய பை மலிவாக வந்துவிட்டால் நம் பொறுப்பு தீருமா? தீராது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். "அச்சிட்டவன் பொய்க்கு நாம் என்ன செய்வது?" எனலாம். பெரியம்மா நம்பியது அச்சை அல்ல, என் வார்த்தையை. நிறுவையில் குறைப்பது மட்டுமா மோசடி? தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி விற்பதும் அதில் சேர்ந்ததே. வார்த்தையும் ஓர் அமானிதம்தான்.

அவர் மறுமுறை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். இப்பொழுது கூடையோடு வருகிறார்.