யாருடைய வசந்தம்?

ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் நிழற்படம் ஒன்றை எம்மிடம் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்மஞ்சட் பூக்கள். பூக்களுக்கு அப்பால் பாறைக் குன்றுகள். அவற்றின் மேல் முகிலற்ற வானம். தென்னாபிரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள நமக்குவாலாந்து என்னும் வறண்ட பகுதியில், செப்டெம்பர் மாதத்தில், நண்பரின் பழைய மாணவர் ஒருவர் எடுத்த படம் அது. "இங்கே வசந்தம்" என்று மட்டும் அதன் கீழே எழுதியிருந்தார். அதே படத்தை இலண்டனில் வாழும் தம் வகுப்புத் தோழருக்கும் அவர் அனுப்பியிருந்தாராம். "இதே நாளில் இலண்டனில் இலைகள் உதிரத் தொடங்கியிருக்கும். இலையுதிர்வில் நிற்பவனுக்குப் பூவைப் படம்பிடித்து அனுப்புவது மகிழ்ச்சியைப் பகிர்வதா, தன் பேற்றைக் காட்டிப் பெருமை கொள்வதா?" என்று நண்பர் கேட்டார்.

கேள்வியை முதலில் நாம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். பூவைப் படம்பிடிப்பதிலும் ஓர் அறப் பிரச்சினையா என்று நகைத்தோம். நண்பர் விடவில்லை. பசித்தவன் பார்த்திருக்க உண்பது பண்பன்று எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோமல்லவா, குளிரை எதிர்நோக்கியிருப்பவன் முன்னால் வெயிலை விரித்துக் காட்டுவது மட்டும் எவ்வாறு பண்பாகும் என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எம்மைத் தொடர்ந்து வந்தது. அதற்கு நாம் கண்ட மறுமொழியையும், அம்மறுமொழியினின்று எழுந்த வேறொரு கேள்வியையும் ஈண்டு எழுதுகிறோம். பின்னதே எமக்கு முக்கியமானதாகப் படுகிறது.

எளிதானதை முதலிற் சொல்லிவிடுவோம். பூமி ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்தபடியே ஞாயிற்றைச் சுற்றுகிறது. அச்சாய்வினால் ஓர் அரைக்கோளம் ஞாயிற்றின் பக்கம் சரியும்போது மற்றது விலகுகிறது. ஆறு மாதங்களில் நிலைமை தலைகீழாகிறது. செப்டெம்பர் 22ஆம் அல்லது 23ஆம் நாளை எல்லையாகக் கொண்டு தெற்கே வசந்தமும் வடக்கே இலையுதிர்காலமும் தொடங்குகின்றன. ஒரு விளக்கையும் ஒரு தோடம்பழத்தையும் கொண்டு புவியியல் ஆசிரியர் எவரும் இதனைப் பத்து நிமிடத்திற் காட்டிவிடுவர். நமக்குவாலாந்தின் பூ இலண்டனின் இலையைப் பறித்துக்கொண்டு மலரவில்லை. ஒரே சாய்வு அங்கே பூவாகவும் இங்கே சருகாகவும் தோன்றுகிறது, அவ்வளவே. கடன் பட்டவரும் இல்லை, கடன் கொடுத்தவரும் இல்லை. எனவே பூவைக் கண்டு மகிழ்ந்தவர் எவருடைய பங்கையும் உண்டவரல்லர்.

இயற்கையின் இப்பங்கீட்டிலும் சிறு கோணல் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பூமியின் பாதை சரியான வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் அது ஞாயிற்றுக்கு மிக அண்மையில் வருகிறது. அப்பொழுது சற்று விரைந்தும் செல்கிறது. ஆதலால் வடக்கே வசந்தமும் கோடையும் சேர்ந்து ஏறத்தாழ 186 நாட்கள் நீடிக்க, தெற்கே அவை 179 நாட்களிலேயே முடிந்துவிடுகின்றன. ஏகாதிபத்தியம் வானத்திலும் உண்டோ என்று மாணவரொருவர் எம்மிடம் கேட்டதுண்டு. இல்லை. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளில் அந்த ஒரு வாரம் தெற்கின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். வானத்தின் கணக்கு மெதுவாகத்தான் தீர்கிறது. ஆயினும் எவரும் கேளாமலே, எவரும் போராடாமலே தீர்ந்துவிடுகிறது.

நண்பரின் கேள்விக்கு விடை இத்துடன் கிடைத்துவிட்டது. ஆனால், விடை கிடைத்த அவ்விடத்திலேயே ஆபத்தும் தொடங்குகிறது. பருவங்களின் இக்குற்றமற்ற சுழற்சியை மனித வாழ்வின்மீது ஏற்றிப் பேசும் பழக்கம் மிகப் பழையது. இன்று ஒருவனுக்கு வசந்தம், மற்றவனுக்கு இலையுதிர்காலம், நாளை மாறும், இதில் நொந்துகொள்ள என்ன இருக்கிறது என்பர். முப்பது வருடம் வாழ்ந்தவனுமில்லை, முப்பது வருடம் தாழ்ந்தவனுமில்லை என்று எம்மவரிடையே வழங்கும் பழமொழியும் இதனையே சொல்கிறது. கேட்பதற்கு இதமானது, தாழ்ந்தவனுக்கு ஆறுதலாகவும் இருக்கலாம். ஆனால் உண்மையா? எமது மலைநாட்டுத் தோட்டங்களின் லயன் அறைகளிற் பிறந்து, அவற்றிலேயே வாழ்ந்து, தம் பிள்ளைகளையும் அவற்றிலேயே விட்டுச் சென்றவர்களின் வரிசை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலானது. அங்கே முப்பது வருடம் ஐந்து முறை கழிந்துவிட்டது. அவ்வீடுகளைச் சுற்றிப் பருவமழை தவறாமற் பெய்தது. தேயிலை தவறாமற் துளிர்த்தது. மாற வேண்டியது மட்டும் தானாக மாறவில்லை.

இங்கே எம் பக்கத்தாரையும் நாம் விட்டுவிடலாகாது. வசந்தம் வந்தே தீரும் என்று எழுதாத முற்போக்குக் கவிஞர் நம்மிடையே எத்தனை பேர்? கூதிர்காலத்தின் பின் இளவேனில் வருவதுபோல விடுதலையும் வரும் என மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக்குச் சென்று நிம்மதியாக உறங்குகிறோம். தானாகவே வருமெனில் சங்கம் எதற்கு, வேலைநிறுத்தம் எதற்கு, இத்தகைய சஞ்சிகைதான் எதற்கு? வரலாறோ எமது உவமைகளைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 1917ஆம் ஆண்டின் ரஷ்யப் புரட்சி இலையுதிர்காலத்தில் நிகழ்ந்தது. அரபு வசந்தம் எனப் பெயர் பெற்ற எழுச்சி 2010 டிசெம்பரில், துனீசியாவின் குளிர்காலத்தில் தொடங்கிற்று. போகட்டும், கவிஞருக்கு உவமை வேண்டும். ஆனால் உவமையைக் கொள்கையாக எடுத்துக்கொள்வோர் படும் இடரை விளக்கப் பழைய நிகழ்ச்சியொன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் புதியதொரு நாட்காட்டியை வகுத்தனர். முந்திய ஆண்டின் செப்டெம்பர் 22ஆம் நாளே அதன் முதல் நாள். மன்னரதும் மதகுருமாரதும் நினைவுகளைக் காலத்தினின்றே துடைத்துவிட்டு, மனித குலம் முழுவதற்கும் இயற்கையையே பொதுச் சாட்சியாக்குவது அவர்தம் நோக்கம். உயர்ந்த நோக்கமே. ஆனால் மாதங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் திராட்சை அறுவடை, மூடுபனி, வெண்பனி, மழை, முளை, மலர் என யாவும் பாரிஸ் நகரத்து யன்னலினூடாகத் தெரிந்த இயற்கையைக் குறித்தன. அப்பொழுது பிரான்சின் ஆட்சியில் இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவும் இருந்தது. அது தென்னரைக்கோளத்தது. டிசெம்பர் பிற்பகுதியில் வெண்பனி மாதம் தொடங்கும்போது அங்கே கரும்புத் தீயும் கோடை. (அடுத்துவரும் மழை மாதம் மட்டும் பொருந்திற்று, புயல்மழைக் காலமல்லவா! அது தற்செயல்.)

பெயர்ப் பிழையோடு முடிந்திருந்தால் நாம் இதனைப் பொருட்படுத்தியிரோம். அந்த மழை மாதத்தின் பதினாறாம் நாளாகிய 1794 பெப்ரவரி 4ஆம் நாளில், குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையைப் பாரிஸ் பிறப்பித்தது. பாரிஸில் விடிந்தது பூமி சுழலும்போது எங்கும் விடியும் என்றே பலர் நம்பியிருத்தல் வேண்டும். ரியூனியனின் தோட்ட முதலாளிகள் ஆணையை ஏற்கவில்லை. 1796இல் அதனை நிறைவேற்ற வந்த தூதர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். 1802இல் நெப்போலியன் அடிமைமுறையைச் சட்டத்தாலேயே நிலைநிறுத்தினான். அத்தீவில் ஏறத்தாழ 60,000 மனிதர் விடுதலை பெற்றது 1848 டிசெம்பர் 20ஆம் நாளில்தான். இடையே பருவங்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் அவை வந்துபோயின. அடிமைகள் கரும்பும் கோப்பியும் பயிரிட்டனர்.

இனிப் படத்துக்குத் திரும்புவோம். அது எம்மை விட்டபாடில்லை.

நமக்குவாலாந்தில் மழை குறைவு. அதுவும் குளிர்காலத்திலேயே பெய்யும். ஏறத்தாழ 3,500 தாவர இனங்கள் அங்குள்ளன. அவற்றுள் ஆயிரமளவின உலகில் வேறெங்கும் இல்லை. மழை வாய்த்த ஆண்டுகளில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நிலம் நிறம் மாறுகிறது. செம்மஞ்சள் நிறத்தில் பரந்து கிடப்பவை சூரியகாந்திக் குடும்பத்து டெயிசிப் பூக்கள். வெயில் ஏறியபின்பே அவை விரியும். முகில் மூடினால் விரியா. பிற்பகல் சாய்கையில் குவிந்துவிடும். ஞாயிற்றை நோக்கியே முகம் திருப்புவன. அங்கே நண்பகல் ஞாயிறு வட வானில் நிற்பதால் பூக்களும் வடக்கே நோக்குகின்றன. ஆகவே கமராவுடன் செல்பவர் ஞாயிற்றுக்கு முதுகு காட்டி, பூக்களுக்கு வடக்கே நின்று படம் எடுக்க வேண்டும். வடக்கேயிருந்து பார்த்தால்தான் தெற்கின் வசந்தம் அழகாகத் தெரியும் என்பதில் ஏளனம் ஏதும் இல்லை, தாவரவியலே அது. ஆயினும் எமக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பரந்த ஒரே நிறப் பூவிரிப்பு, படமெடுப்போர் தேடிச் செல்லும் அந்தக் காட்சி, தீண்டப்படாத இயற்கை அன்று. தீண்டப்படாத இடங்களில் புதரும் கிழங்குத் தாவரங்களும் பலவகைச் செடிகளும் கலந்தே வளரும். ஓராண்டுப் பூஞ்செடிகள் நிலத்தை முழுவதும் மூடிக்கொள்வது பெரும்பாலும் உழுது கைவிடப்பட்ட கோதுமை வயல்களிலும், கால்நடை மேய்ந்து வெறுமையான நிலங்களிலுமே. ஊறு பட்ட நிலமே அவ்வாறு பூக்கிறது. அப்படியாயின், அதனை உழுதவர் யார், யாருடைய நிலத்தை உழுதனர், பின்னர் ஏன் விட்டுச் சென்றனர்? படத்தில் இதற்கு விடையில்லை. ஞாயிற்றைக் கேட்டும் பயனில்லை.

அப்பகுதித் தாவரங்களை முதன்முதல் ஐரோப்பியர் படமாக்கிய வரலாறும் அறியத்தக்கது. 1685இல் கேப் குடியேற்றத்தின் ஒல்லாந்தத் தலைவர் சைமன் வன் டெர் ஸ்டெல் ஒரு பெரும் பயணக் குழுவுடன் வடக்கே புறப்பட்டார். யாழ்ப்பாணத்தை அந்நாளில் ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பனியே அவரது எசமானன். குழு புறப்பட்டது ஓகஸ்டில், அதாவது பூக்காலத்தில். ஹென்ட்ரிக் குளோடியஸ் என்னும் மருந்தாளர் உடன் சென்று, வழியிற் கண்ட செடிகளையும் உயிரினங்களையும் அழகாக வரைந்தார். ஆனால் குழு பூவைத் தேடிச் செல்லவில்லை. செம்பைத் தேடிச் சென்றது. அந்நிலத்தின் நாமா மக்களிடம் செம்பு இருந்தமையே அதற்குக் காரணம். ஓவியரின் தூரிகையும் அகழ்வோரின் கடப்பாரையும் ஒரே வண்டித் தொடரிற் சென்றன. 1852இல் செம்பு வணிக அளவில் அகழப்படலாயிற்று. நாமா மக்கள் மேய்ச்சல் நிலங்களை இழந்து, பாதிரிமாரின் நிலையங்களைச் சுற்றிய ஒதுக்கிடங்களுக்குள் ஒடுங்கினர். அத்தகைய ஓர் ஊரின் பெயர் லீலிஃபொன்டெய்ன். லில்லி மலர் ஊற்று என்பது அதன் பொருள்.

வடகோடியிலுள்ள றிக்டர்ஸ்வெல்ட்டில் 1920களில் வைரம் கண்டெடுக்கப்பட்டது. அரசு நிலத்தைத் தனதாக்கிக்கொண்டு அம்மக்களை அப்புறப்படுத்தியது. அதன்பின் வசந்தங்கள் எழுபதுக்கு மேல் வந்தன. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், அவர்கள் நிலத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். முதல் நீதிமன்றம் 2001இல் மறுத்துவிட்டது. அவர்கள் மேன்முறையீடு செய்தனர். 2003 ஒக்டோபர் 14ஆம் நாள் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், நிலமும் அதன் கீழுள்ள கனிமங்களும் அச்சமூகத்துக்கே உரியனவாக இருந்தன என்றும், இனப் பாகுபாட்டினாலேயே அவை பறிக்கப்பட்டன என்றும் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 85,000 ஹெக்டேயர். அரசுடன் உடன்பாடு காண மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. தீர்ப்பு வந்த ஒக்டோபர் அங்கே வசந்தகாலமே. ஆனால் மே மாதத்துக் குளிரில் வந்திருந்தாலும் தீர்ப்பு தீர்ப்பாகவே இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். பூவை ரசிப்பதற்கு இவ்வளவு வழக்கா என்றார். இல்லை, ரசிப்பதில் எமக்கு வழக்கே கிடையாது. அம்மாணவர் எழுதிய 'இங்கே' என்ற சொல் எமக்கு மிகவும் பிடித்திருந்தது என்றோம். உலகெங்கும் வசந்தம் என்று அவர் எழுதவில்லை. வேறிடத்தில் வேறு பருவம் உண்டென்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. சிறிது நேரம் கழித்து நண்பர் சொன்னார்: "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் லயன் அறையில் இருக்கும் ஒருத்தி, நாளை மாறும் என்று நம்பித்தான் விடியற்காலையில் எழுந்து கொழுந்து பறிக்கப் போகிறாள். அந்த நம்பிக்கை பிழையென்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?"

மாறும் என்பது வேறு, தானாக மாறும் என்பது வேறு என்று சொல்ல வாயெடுத்தோம். வகுப்பு மணி அடித்தது. படம் இப்பொழுது ஆசிரியர் அறைச் சுவரில் தொங்குகிறது. நண்பருக்கும் எமக்கும் இடையிலான அந்த வாதம் இன்னும் முடியவில்லை.