யாருக்கு எழுதுகிறாய்? அதை முதலில் முடிவு செய்!

எல்கடுவ மலையிலிருந்து பல்கலைக்கழகம் போன தம்பியே, தங்கையே! ஆய்வை முடித்துவிட்டாய், கட்டுரையும் தயார். இன்னும் என்ன தயக்கம்? "வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தால்தான் மதிப்பு" என்கிறார் ஒருவர். "அதெல்லாம் நமக்கு எட்டாது" என்கிறார் இன்னொருவர். முன்னவர் உன் மண்ணைத் தாழ்த்துகிறார். பின்னவர் உன்னையே தாழ்த்துகிறார். இருவர் பேச்சையும் தள்ளு!

சி. வி. ராமனைப் பார். திருச்சியில் பிறந்த தமிழர். 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் அவர் கண்ட ஒளிச்சிதறல் பற்றி, கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து எழுதிய சிறு குறிப்பு லண்டனின் 'நேச்சர்' இதழில் வந்தது. விரிவான கட்டுரை எங்கே வந்தது தெரியுமா? 1926இல் அவரே தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில்! உள்நாட்டு இதழில் போட்டதால் அவர் சிறுத்துவிட்டாரா? 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்ததே!

எனவே ஒரே கேள்வி கேள்: என் முடிவு யார் கைக்குப் போக வேண்டும்?

தேயிலைக் கொப்புள நோயையே எடுத்துக்கொள். 1946இல் இலங்கைக்குள் வந்த நோய். கொழுந்தில் சிறு பொட்டாகத் தோன்றி, இலையின் மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெள்ளையாய்ப் புடைக்கும். நம் மலைகளில் எந்த மாதம் மருந்தடிப்பது என்பது உன் ஆய்வானால், அதைத் தலவாக்கலை, பேராதனை ஆய்வாளர்கள் முதலில் படிக்கட்டும். உள்நாட்டு இதழுக்கு அனுப்பு. அந்த நோயைத் தரும் பூஞ்சணம் இலைக்குள் நுழையும் வழியையே புதிதாகக் கண்டாயா? அஸ்ஸாமுக்கும் அது வேண்டும். சர்வதேச இதழின் கதவைத் தட்டு!

மின்னஞ்சலில் புகழ்ந்து, "ஒரே வாரத்தில் பிரசுரம், டொலர் அனுப்பு" என்பவனிடம் மட்டும் ஏமாறாதே. மதிப்பாய்வு உண்டா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் யார் என்று விசாரி. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதே.

திருப்பி அனுப்பினால் சோராதே! மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கேள்விக்கும் இலக்கமிட்டுப் பதில் எழுது. குறை இருந்தால் திருத்து. உன் பக்கம் சரியென்றால் சான்றோடு நின்று வாதாடு. அடுத்த இதழுக்கு அனுப்பும்போது கட்டுரை இன்னும் வலுத்திருக்கும்.

இந்த மலையில் மழையிலும் வெயிலிலும் நின்று கொழுந்தெடுப்பவர்களின் பிள்ளை நீ. நோய் கண்ட இலையை உன் ஆய்வுகூடத்துக்கு முன்பே கண்டவர்கள் அவர்கள். நன்றியுரையில் அவர்களைக் குறிப்பிடு. தலைப்பின் கீழ் உன் பெயரை நிமிர்ந்து எழுது. இன்றைக்கே அனுப்பு!