நகத்தளவு கார்டுக்கா பயப்படுகிறாய்?

"கடைக்காரர் எடுத்துக் குடுத்தாரு. வாங்கிப் போட்டேன். ஓடல. நான் என்ன பண்றது?"

இந்தப் பேச்சை இன்றோடு விடு!

போனில் வேறொரு ஓஎஸ்ஸை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாய். மெமரி கார்டிலிருந்தே முழு லினக்ஸையும் எழுப்பலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ராத்திரி தூங்காமல் புரண்டாய்.

பிறகு என்ன ஆயிற்று? கார்டைப் போட்டாய். லோகோ சுற்றிக்கொண்டே இருந்தது. பிடுங்கி மேஜையில் எறிந்தாய். "நமக்கெல்லாம் இது சரிப்படாது" என்றாய்.

யார் சொன்னது சரிப்படாது என்று? எந்தக் கார்டைப் போட்டாய்? அதன் மேல் என்னென்ன குறி இருந்தது? ஒரு முறையாவது உற்றுப் பார்த்தாயா?

பார்க்கவில்லை! 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். உன் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அதில் இருக்கும் நாலு குறியைப் படிக்க உனக்கு நேரமில்லை. தோற்றுவிட்டேன் என்று சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது!

காரைக்குடி கல்லுக்கட்டியில் கடை வாசலில் நின்று நீ என்ன கேட்டாய்? "அண்ணே, எத்தனை ஜிபி இருக்கு?" அடுத்து, "எவ்வளவுக்குத் தருவீங்க?" முடிந்தது உன் ஆராய்ச்சி.

ஜிபி என்பது இடம். வேகத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

"கிளாஸ் 10 பார்த்துத்தான் வாங்கினேன்" என்கிறாயா? சரி. அந்த வட்டத்துக்குள் இருக்கும் 10 உனக்கு என்ன உறுதி கொடுத்தது, தெரியுமா?

வீடியோ போல ஒரே நீளமாக எழுதினால் நொடிக்கு 10 எம்பிக்குக் குறையாது. அவ்வளவுதான் அதன் பொறுப்பு. யு வடிவத்துக்குள் 3 இருந்தால் 30 எம்பி. வி30 என்று போட்டிருந்தாலும் அதே 30. எல்லாமே நீளமாக எழுதுவதற்கான கணக்கு.

ஓஎஸ் அப்படியா எழுதுகிறது?

நீ மெசேஜைத் திறந்தால் எழுதும். அலாரம் வைத்தால் எழுதும். நீ தூங்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கும். 4 கேபி இங்கே, 4 கேபி அங்கே என்று துணுக்குத் துணுக்காக எழுதும்.

கார்டுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் சில்லுக்கு, எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுதத் தெரியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அங்கே புதிதாக எழுத முடியும். ஒரு துணுக்கை மாற்றுவதற்காகப் பெரிய தொகுதியே புரட்டிப் போடப்படுகிறது. வீடியோவுக்கென்று செய்த கார்டு மூச்சுத் திணறுவது இங்கேதான்!

இது இன்று நேற்றுப் பட்ட பாடு என்று நினைக்காதே.

2009-இல் ஹெச்டிசி ஹெச்டி2 என்ற போன் வந்தது. உள்ளே விண்டோஸ் மொபைல் 6.5. நிறுவனம் அதற்கு ஆண்ட்ராய்டு கொடுக்கவில்லை. ஆர்வலர்கள் கைகட்டி உட்கார்ந்தார்களா?

2010-இல் மெமரி கார்டில் ஆண்ட்ராய்டை வைத்து, விண்டோஸுக்குள்ளிருந்தே அதை எழுப்பினார்கள். 2011 ஜனவரியில் விண்டோஸ் போன் 7-ஐயும் அதே போனில் ஓட்டிக் காட்டினார்கள்!

கார்டு அவர்களையும் காலை வாரியது. ஒரே கிளாஸ், ஒரே ஜிபி. ஒன்று ஓடியது, இன்னொன்று உறைந்து நின்றது. விண்டோஸ் போன் 7-க்குக் கார்டு வாங்கும்போது கிளாஸ் எண் மட்டும் போதாது, நொடிக்கு எத்தனை முறை அங்குமிங்கும் தாவிப் படிக்கிறது, எழுதுகிறது என்பதும் முக்கியம் என்று மைக்ரோசாஃப்டே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தாவும் வேகத்தைச் சொல்லும் குறி எதுவும் அன்றைக்குக் கார்டில் கிடையாது. வாங்கினார்கள், போட்டார்கள், தோற்றார்கள். அடுத்ததை வாங்கினார்கள். அப்படித்தான் நல்ல கார்டைக் கண்டுபிடித்தார்கள்.

உனக்கு? அந்த அறிவு கார்டின் மேலேயே அச்சாகி வருகிறது!

2016-இல், கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் ஏ1 என்ற குறியைக் கொண்டுவந்தது. நொடிக்குக் குறைந்தது 1,500 முறை தாவிப் படிக்க வேண்டும், 500 முறை தாவி எழுத வேண்டும். அடுத்த ஆண்டே ஏ2 வந்தது. 4,000 முறை படிக்கவும் 2,000 முறை எழுதவும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார். 500 முறை, ஒவ்வொன்றும் 4 கேபி. நொடிக்கு வெறும் 2 எம்பி! ஏ1 கார்டே இவ்வளவுக்குத்தான் உறுதி தருகிறது. அந்தக் குறிகூட இல்லாத கார்டு உனக்கு என்ன உறுதி தரும்?

ஒன்றுமே தராது. அப்படிப்பட்ட கார்டில் ஓஎஸ்ஸை ஏற்றிவிட்டு உன் தலையெழுத்தைத் திட்டினாயே, நியாயமா?

உடனே "அப்ப ஏ2 வாங்கிடறேன்" என்று ஓடாதே. நில். ஏ2-வின் முழு வேகம் வர, கட்டளைகளை வரிசையில் வாங்கிக்கொள்ளும் வசதி உன் கருவியிலும் இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை 5 என்ற ஒற்றைப் பலகைக் கணினியில் இருக்கிறது. பழைய போனில் இருக்காது. பழைய கருவிக்கு நல்ல ஏ1 கார்டே போதும் என்பது என் முடிவு. கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் வேகம் வரும் என்று நம்புவதும் படிக்காதவர் பழக்கம்தான்!

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன்.

"போன் செத்துப் போச்சுன்னா? அப்பா திட்டுவாரே?"

இதுதான் உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. நேருக்கு நேர் பார் இதை!

ஓஎஸ் கார்டிலிருந்து எழும்போது, உள் நினைவகத்தில் இருக்கும் பழைய ஓஎஸ் அதன் இடத்திலேயே கிடக்கிறது. கார்டை உருவு. மறுபடி ஆன் செய். பழைய போன் பழையபடியே எழுந்து வரும்.

பைன்64 நிறுவனத்தின் பைன்போன் 2020-இல் வந்தது. ஆன் செய்தவுடன் அது முதலில் தேடுவது மெமரி கார்டைத்தான். கார்டில் ஓஎஸ் இருந்தால் அதை எழுப்பும். இல்லாவிட்டால்தான் உள்ளே இருப்பதைத் தேடிப் போகும். இன்றைக்கு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், நாளைக்கு மோபியன், அடுத்த நாள் உபுண்டு டச். கார்டை மாற்று, போனே மாறுகிறது!

எத்தனை முறை தோற்றாலும் கெட்டுப்போவது கார்டில் எழுதியது மட்டும்தான். அதையும் அழித்து மறுபடி எழுதலாம். தோற்பதற்கு இவ்வளவு மலிவான வாய்ப்பு வாழ்க்கையில் வேறெங்கே கிடைக்கும், சொல்!

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லா போனும் இதற்கு இடம் கொடுக்காது. கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை கார்டிலிருந்து எழுவதே இல்லை. ஓஎஸ்ஸை எழுப்பும் அவற்றின் பூட்லோடர் உள் நினைவகத்தை மட்டுமே பார்க்கும். உன் மாடல் எந்த வகை என்று கண்டுபிடிப்பது உன் வேலை.

எழாத வகையா? மூலையில் உட்காராதே! ராஸ்பெர்ரி பை போர்டு கிடைத்தால் அதில் பழகு. அதுவும் கார்டிலிருந்து எழும். ஆண்ட்ராய்டும் அதில் ஓடும்.

அதற்கும் வழியில்லையா? இருக்கும் போனின் இடத்தையே கார்டால் அகலப்படுத்து. இடப் பஞ்சம் பழைய கதைதான். 2014 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் போன்கள் இந்தியாவில் 6,399 ரூபாய்க்கு வந்தன. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் செய்தன. உள்ளே இருந்த இடம் 4 ஜிபி! அதிலும் ஒரு பகுதியை ஓஎஸ்ஸே பிடித்துக்கொண்டது.

2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 கார்டையே உள் நினைவகமாக ஏற்றுக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது. கார்டு மெதுவானது என்றால் போனே எச்சரிக்கும். அப்படிச் சேர்த்த கார்டு அந்தப் போனுக்கு மட்டுமே உரியது, வேறெங்கும் படிக்க முடியாது. சில நிறுவனங்கள் இந்த வசதியை எடுத்துவிட்டன. உன் போனின் செட்டிங்ஸில் இருக்கிறதா? இப்போதே திறந்து பார்!

அடுத்து, ஏமாற்று வேலை.

சில நூறு ரூபாய்க்கு 1 டிபி கார்டு என்கிறான் ஒருவன். நீ வாங்கிவிட்டாய். ஏன்? பேராசையா? சோம்பலா? நீயே சொல்!

ஏமாறுவது பெரிய பொறியாளர்களுக்கும் நடந்திருக்கிறது. ஆண்ட்ரூ 'பன்னி' ஹுவாங் என்பவர் சம்பி ஒன் என்ற சின்னக் கருவியை உருவாக்கினார். அதன் லினக்ஸ் இருந்தது மைக்ரோ எஸ்டி கார்டில். 2009 இறுதியில் சீனத் தொழிற்சாலையில் கார்டுகள் வரிசையாகச் சோதனையில் விழுந்தன.

அவர் என்ன செய்தார்? கார்டுக்குள் பதிந்திருந்த அடையாள எண்களைப் படித்தார். ஷென்ஜென் நகரத்து எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் இறங்கிக் கார்டுகளை வாங்கினார். மேலோட்டை அமிலத்தில் கரைத்து உள்ளே இருந்த சில்லுகளையே பார்த்தார்! 2010 பிப்ரவரியில் கண்டதையெல்லாம் ஊரறிய எழுதினார்.

அதோடும் நிற்கவில்லை. 2013 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில், ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது, அதில் நாம் எழுதும் நிரலையும் ஓட்டலாம் என்று ஷான் கிராஸோடு சேர்ந்து காட்டினார்.

போலிக் கார்டின் ரகசியம் அந்தக் குட்டிக் கணினிதான். 8 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு "நான் 512 ஜிபி" என்று அதைப் பொய் சொல்ல வைக்கலாம். போனும் நம்பிவிடும். 8 ஜிபி நிறையும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதன்பின் எழுதுவது தொலைந்துபோகும், அல்லது பழையதை அழித்துவிடும். ஒருநாள் காலையில் உன் ஓஎஸ் எழாது!

உன்னை அமிலம் வாங்கச் சொல்லவில்லை. எஃப்3 என்றொரு மென்பொருள், லினக்ஸுக்கு. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்றொன்று, விண்டோஸுக்கு. இரண்டும் இலவசம். காலிக் கார்டு முழுவதும் எழுதும். எழுதியதை ஒன்றுவிடாமல் திரும்பப் படித்து ஒப்பிடும்.

ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்த நம்மூர் நகரத்தார் எப்படிக் கணக்கு முடித்தார்கள்? ஐந்தொகை நேராகாமல் பேரேட்டை மூடுவார்களா? உன் கார்டுக்கும் ஐந்தொகை போடு! எழுதியதும் படித்ததும் நேராகிறதா? ஓஎஸ்ஸை ஏற்று. இடிக்கிறதா? கடைக்குத் திரும்பப் போ.

"திருப்பிக் குடுக்க வெக்கமா இருக்கே..."

எதற்கு வெட்கம்? நீ உழைத்த காசு! நிமிர்ந்து நின்று சொல்: "அண்ணே, சோதிச்சுப் பார்த்துட்டேன். சொன்ன அளவு இதுல இல்ல. இந்தாங்க, ரிசல்ட்டைப் பாருங்க. மாத்திக் குடுங்க." தெரிந்து பேசுகிறவனிடம் எந்தக் கடைக்காரரும் குரல் உயர்த்த யோசிப்பார். அடுத்த முறை உனக்கு எடுத்துக் கொடுக்கும் கார்டே வேறாக இருக்கும்!

இன்னும் என்ன சாக்கு வைத்திருக்கிறாய்? எடு வெளியே!

"கம்ப்யூட்டர் இல்லை." அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்த லேப்டாப் பரணில் தூங்குகிறதா, பார். 2011-இல் தொடங்கிய திட்டம் அது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதில் பலவற்றில் இருந்தது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் போட்டு ஓட்டு. ஒரு கார்டில் ஓஎஸ் இமேஜ் எழுத அது தாராளமாகப் போதும்.

"இங்கிலீஷ் வராது." கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லித் தருகிறது. லினக்ஸைத் தமிழிலேயே படித்துக்கொள்ள முடியும். படித்தாயா?

"காசு இல்லை." ஏ1 குறி போட்ட 32 ஜிபி கார்டு சில நூறு ரூபாய். முதல் முயற்சிக்கு அதற்குமேல் வேண்டாம். 32 ஜிபி வரைதான் எஸ்டிஹெச்சி என்ற வகை. பழைய கருவிகள் பலவும் அதோடு நின்றுவிடும். 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி வகை. பழைய கருவி அதைக் கண்டுகொள்ளாமலே போகலாம்.

"சின்ன ஊருல இருக்கேன்." இதைச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

உன் போனுக்குள் இருக்கிறதே லித்தியம் பேட்டரி, அதை ஆராயும் சிக்ரி என்ற ஆய்வகம் எங்கே இருக்கிறது? உன் காரைக்குடியில்! கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து அதை இங்கே கொண்டுவந்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தண்ணீருக்கே ஏங்கிய பொட்டலில் தேசிய ஆய்வகம் எழும்பிய ஊரில் நின்றுகொண்டு, ஒரு மெமரி கார்டை ஆராய முடியாது என்கிறாயா?

எழுந்திரு! வேலையைப் பார்ப்போம்.

இமேஜ் ஃபைலை உன் மாடலுக்குரியதா என்று சரிபார்த்து இறக்கு. பழுதில்லாமல் இறங்கியதா என்று, கூடவே கொடுத்திருக்கும் செக்சம் எண்ணோடு ஒப்பிடு. பலீனா எட்சர் என்ற மென்பொருளால் கார்டில் எழுது. எழுதி முடித்ததும் அது சரிபார்க்கும். அவசரப்பட்டு அங்கே நிறுத்தாதே. முறைப்படி வெளியேற்றிவிட்டுக் கார்டை எடு. போனில் சார்ஜ் இருக்கட்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் நல்ல கார்டும் குழம்பிவிடும்.

முதல் முறை எழ நேரமாகும். பொறு. பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்தியே பலர் தோற்கிறார்கள்.

கருப்புத் திரையா? கார்டை உருவு, மறுபடி எழுது.

மறுபடியும் கருப்பா? கார்டு ரீடரை மாற்று. பழைய ரீடர்கள் சில எழுதும்போதே தப்பு செய்யும்.

இன்னும் எழவில்லையா? அந்தக் கார்டைப் போட்டோ சேமிக்க வைத்துக்கொள், வேறு ஏ1 கார்டை வாங்கு. ஹெச்டி2 ஆட்களுக்கு எத்தனை கார்டு ஆயிற்று என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. நீயும் எண்ணாதே!

எழுந்துவிட்டதா? அன்றைக்கே கார்டை முழு இமேஜாக லேப்டாப்பில் எடுத்து வை. ஃப்ளாஷ் சில்லு எழுத எழுதத் தேயும். ஓடி ஓடி அந்தக் கார்டு ஒருநாள் ஓயும்போது, பத்து நிமிடத்தில் இன்னொன்றில் எழுதி மறுபடி எழுப்பிவிடலாம்.

கார்டு ரீடர் செக்காலை ரோட்டில் கிடைக்கும். கடை அடைப்பதற்குள் கிளம்பு!