பொருளும் கையும்

ஒரு பொருளின் மதிப்பு அதன் பயனில் உள்ளதா, அரிதான பின் அதன்மேல் எழும் ஆசையில் உள்ளதா? இவ்வினாவை ஆராய டிலோரியன் மகிழுந்து தக்க சான்றாகும்.

துருவேறா எஃகு உடலும் பறவைச் சிறகென மேலெழும் கதவுகளும் கொண்ட அவ்வுந்து, 1981ஆம் ஆண்டு வட அயர்லாந்தின் டன்மரியில் உருவாகத் தொடங்கியது. கலவரத்தால் நொந்த அம்மண்ணில் வேலைவாய்ப்புப் பெருகவே பிரிட்டிஷ் அரசு பெரும்பொருள் ஈந்தது. சமயத்தால் பிரிந்து வாழ்ந்தோர் அவ்வாலையில் ஒரே கூரையின்கீழ் உழைத்தனர். ஆயினும், விலைக்கேற்ற வேகம் அவ்வுந்துக்கு இல்லை, வாங்குவோரும் குறைந்தனர். ஏறத்தாழ 9,000 உந்துகளைச் செய்த ஆலை 1982இல் முடங்கியது. 1985இல் வெளிவந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ திரைப்படம் அதனைக் காலங்கடக்கும் ஊர்தியாகக் காட்டிற்று. அதன்பின் அன்றோ உலகெங்கும் சேகரிப்போர் அதனைத் தேடலாயினர்!

மதிப்பு உயர்ந்தது, வேலையிழந்த கைகளுக்கு அதில் பங்கில்லை. இதனைத் தொலைநாட்டுக் கதையெனத் தள்ளுதல் தகாது. ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் தேய்ந்த பால்வெட்டுக் கத்தியும் இன்று காட்சிப்பொருளாவதுண்டு. பழம்பொருளைப் போற்றுதல் குற்றமன்று. அதன் பின்னிருந்த கையை மறத்தலே குற்றமாகும்.